மோட்டார் யமுனாவின் இன்னொரு பாட்டு

மோட்டாரை நிறுத்தினேனா இல்லையா. காலையில் ஐந்தரைக்குப் போட்டேன், அது நினைவிருக்கிறது. சுவிட்ச் ஈரமாக இருந்தது, விரலில் சுர்ரென்று ஒரு சின்ன இழுப்பு இழுத்தது, அதுவும் நினைவிருக்கிறது. அப்புறம் தலை பின்னினேன், அப்புறம் அம்மா பொட்டு அட்டையைக் காணோம் என்று வீட்டையே புரட்டினாள், அப்புறம் ஆறு மணி பஸ். நடுவில் போய் நிறுத்தினேனா? நிறுத்துகிற கை ஞாபகத்தில் வருகிறது. ஆனால் ஆயிரம் நாள் நிறுத்தியிருக்கிறேன், இது எந்த நாளின் கை என்று எப்படிக் கண்டுபிடிப்பது. ஊர் ஊராக என்னைப் பார்த்து மோட்டாரை நிறுத்துடி என்று கத்துகிறார்கள், எனக்கு நான் நிறுத்தினேனா என்று தெரியவில்லை. காறித் துப்பலாம் போல இருக்கிறது. துப்பவும் முடியாது, நானூறு பேர் பார்க்கிறார்கள். சாத்தூர் பஜாரில் ஒரு மோட்டார் கடை வாசலில், சாமியானாவுக்குக் கீழே, பலகை அடித்த சின்ன மேடையில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மணி பத்து இருபது. பக்கத்து நாற்காலியில் அம்மா, மெரூன் கலர் சில்க் காட்டன், பவுடர் கழுத்தோடு நின்றுவிட்டது, உள்ளங்கையால் தொடையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு உனக்கு வேலையே இல்லை என்று பஸ்ஸில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் தொடையில் தாளம் ஓடுகிறது. எதிரே பேனர். அதில் நான், என்னைவிடப் பெரிதாக அம்மா, வாயை ஆவென்று திறந்தபடி, எங்கள் இரண்டு பேரையும்விடப் பெரிதாக நடுவில் ஒரு ஒன்றரை ஹெச்.பி. மோட்டார். 'ஜெயமணி பம்ப்ஸ் அண்ட் பைப்ஸ் திறப்பு விழா. மோட்டார் யமுனா, அவரது தாயார் முனீஸ்வரி நேரில் தோன்றிக் கலக்குகிறார்கள்.' ஆமாம், கலக்குகிறோம். பாட்டுக் கச்சேரிக்கு என்னை ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. மோட்டார் கடைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், தண்ணீர் டேங்க் ஏஜென்சிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், புதிதாக வாங்கின போர்வெல் வண்டிக்குப் பூஜை போட்ட ஒருத்தர் கூப்பிட்டு, வண்டி மேலேயே ஏற்றிப் பாடவைத்தார். ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஒருத்தி எங்கே போய்ச் சேருவாள் என்று யாராவது கேட்டால், ஹார்டுவேர் லைனுக்கு என்று சொல்லுங்கள்.

அந்தக் கதையை எத்தனையோ பேட்டியில் சொல்லிவிட்டேன், ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்டதில்லை, எல்லாரும் சிரிக்கிற இடத்துக்காகக் காத்திருந்தார்கள். போன வருடம் ப்ளஸ் டூ தொடங்கின ஜூன் மாதம். திருமங்கலத்தில் எங்கள் மாடி வீட்டுச் சமையலறையில் காலி அரிசி டின்னைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டிக்கொண்டு, நானே எழுதின பாட்டைப் பாடி போனில் பிடித்துக்கொண்டிருந்தேன். 'ஒத்த ஜடை பின்னிக்கிட்டு ஒம்போது மணி பஸ்ஸப் புடிச்சு' என்று போகும். சுமாரான பாட்டு, எழுதின நானே சொல்கிறேன். 'கண்டக்டரு விசிலடிக்க' என்று இழுத்து நிறுத்தி மூச்சு வாங்குகிற இடத்தில், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கத்தினாள், 'அடியே யமுனா! மோட்டார நிறுத்துடி! தண்ணி வழியுது!' மூன்று துண்டும் அச்சில் வார்த்த மாதிரித் தாளத்தில் வந்து விழுந்தன. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே 'நிறுத்திட்டேம்மா' என்றேன், அதுவும் தாளத்தில் விழுந்தது, அப்படியே அடுத்த வரிக்குள் போய்விட்டேன். நிறுத்தவில்லை. அது பொய். பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்து போய் நிறுத்தினேன். மொத்தம் முப்பத்தெட்டு நொடி. மறுபடி பாட அலுப்பு, மறுநாள் கணக்கு டெஸ்ட், அப்படியே ரீல்ஸில் தூக்கிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மாப்பிள்ளைகள் மணமேடையில் உட்கார்ந்து கத்துகிறார்கள், பெண்கள் நிறுத்திட்டேம்மா என்கிறார்கள், ஒரு கைக்குழந்தை அம்மாவின் கத்தலைக் கேட்டால்தான் இட்லிக்கு வாய் திறக்கிறதாம். பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் ஒரு ஆளுக்கு ரிங்டோனே அதுதான். முதல் வாரம் உடம்பெல்லாம் சூடாக இருந்தது, சந்தோஷமா காய்ச்சலா என்று தெரியவில்லை. இரண்டாவது வாரம்தான் கவனித்தேன். யாரும் பாட்டைப் போடவில்லை. ஆறு நொடியைப் போட்டார்கள். முன்னால் இருபது நொடி, பின்னால் பன்னிரண்டு நொடி, இரண்டையும் கத்தரித்துவிட்டு நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கத்தரித்த முப்பத்திரண்டு நொடிதான் நான்.

ஏன் ஓடியது, ஏன் அதற்கப்புறம் எதுவும் ஓடவில்லை என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து வந்த ஆடியோ கம்பெனி பிரவீன் சார் அதற்குப் பெயர் ஹூக் என்றார், மீன் தூண்டில் மாதிரி விரலை வளைத்துக் காட்டினார். பெரியம்மா கண்ணு பட்டுருச்சு என்று வாசலில் பூசணிக்காய் கட்டினாள். அண்ணன்முறை ஒருத்தன் எல்லாம் செல்போனுக்குள் இருக்கிற கணக்கு, உன் கையில் ஒன்றுமில்லை என்றான், எவனுக்கும் தெரியாததை எல்லாம் அவன் கணக்கு என்றுதான் சொல்வான். பிரவீன் சார் பாட்டைச் சுத்தமாகப் பதிவு செய்யலாம் என்று ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏசி அறை, கண்ணாடி, அம்மா காதில் ஹெட்போன். அம்மாவுக்குக் கத்தவே வரவில்லை. 'என்னம்மா, வீட்ல கத்துற மாதிரி கத்துங்க' என்றார் அவர். 'இங்க எங்க சார் தண்ணி வழியுது?' என்று அம்மா உண்மையாகவே கேட்டாள். இருபத்தேழு தடவை கத்தினாள். ஒவ்வொன்றும் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்தில் கத்துகிற மாதிரி இருந்தது. கடைசியில் டப்பிங் பேசுகிற ஒரு அக்காவைக் கூப்பிட்டு அந்த மூன்று வரியைக் கத்தவைத்தார்கள், அழகாகக் கத்தினாள், கேட்டவன் ஒருத்தனும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அதோடு விட்டாரா. அடுத்த பாட்டு எழுதும்மா, அதிலும் நடுவில் அம்மா வரட்டும் என்றார். நானும் எழுதினேன். மானங்கெட்டுப் போய் எழுதினேன். 'அடியே யமுனா! கேஸ அணைடி! பாலு பொங்குது!' அதற்குக் கீழே வந்த முதல் கருத்து, மோட்டார் எங்க. இரண்டாவது, மோட்டார் எங்க அக்கா. மூன்றாவது ஒருத்தன் மோட்டார் படத்தை மட்டும் போட்டிருந்தான். எனக்கு இப்போது தெரியும், இத்தனை மேடை ஏறினபிறகு தெரியும். அன்றைக்கு அம்மா என் பாட்டைக் கேட்கவே இல்லை. மோட்டார் மேல்தான் அவளுக்குக் கோபம். நான் அம்மாவை எதிர்பார்க்கவில்லை. போன் எங்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்தது, எங்களுக்கு அது தெரியாது. அந்தத் தெரியாததைத்தான் எல்லாரும் திருப்பிக் கேட்கிறார்கள். தெரிந்துபோனதைத் தெரியாததாக எப்படி ஆக்குவது. இதை பிரவீன் சாரிடம் சொன்னேன், 'அருமையா சொன்ன, இதையே ஒரு ரீல்ஸா போடலாம்' என்றார்.

பரீட்சையை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிசிக்ஸ் பரீட்சையன்று காரைக்குடியில் ஒரு டேங்க் ஏஜென்சி திறப்பு விழா. வனஜா மிஸ் வீட்டு வாசலில் வந்து நின்று, 'ஏம்மா, ஒரு மூணு மணி நேரம் எழுதிட்டுப் போனா என்னம்மா' என்று அம்மாவிடம் கெஞ்சினார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான்தான், 'ஜூன்ல எழுதிக்கிறேன் மிஸ்' என்றேன், பெரிய மனுஷி மாதிரி, கூலிங் கிளாஸ் வேறு. ஜூனில் ஓசூரில் மேடை. பள்ளிக்கூடத்துக்கு அதற்கப்புறம் ஒரே தடவை போனேன், ஏதோ சான்றிதழ் வாங்க. எங்கள் வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் காம்பஸ் முனையால் நான் கீறின என் பெயர், அதன் மேல் நோட்டை விரித்து வைத்து ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். வாயைக் குவித்துச் சத்தமில்லாமல் மோட்டார் என்றாள், சிரித்தாள். அன்றைக்கு ராத்திரியே பாட்டு வந்துவிட்டது. கூப்பிடாமல் வந்த பாட்டு. 'மூணாவது பெஞ்சு ஓரத்துல, காம்பஸ் முனையில கீறுன பேரு, அதுமேல நோட்ட விரிச்சு ஒருத்தி எழுதிக்கிட்டிருக்கா, அவ யாரு.' இது சுமார் இல்லை. இதை நான் சுமார் என்று சொல்லமாட்டேன். நாலு மாதமாக வாயில் வைத்திருக்கிறேன், கொப்பளிக்காத தண்ணீர் மாதிரி. ஒவ்வொரு மேடையிலும் கேட்கிறேன், அண்ணே இன்னொரு பாட்டு இருக்கு. 'அதுல அம்மா எங்க வருவாங்க?' வரமாட்டாங்கண்ணே. 'அப்ப வேணாம்மா.' இன்று காலை பஸ்ஸில் விருதுநகர் தாண்டும்போது அம்மாவிடம் சொன்னேன், இன்னைக்கு எப்படியும் பெஞ்சுப் பாட்டப் பாடப்போறேன், நீ வாயத் தொறக்கக்கூடாது. 'நான் ஏண்டி தொறக்கப் போறேன்.' தொறப்ப. கூட்டம் கேட்டா ஒனக்கு வாய் நிக்காது. 'ஏண்டி, நானா போயி நின்னேன்? கூப்பிட்டாங்க, கத்துனேன். வேல பாத்த மில்லுல இருவது வருசம் வாயத் தொறக்காமத்தான் நின்னேன், அதையும் நீதான பாத்த?' சத்தியம் பண்ணு. 'உம்மேல சத்தியம்.' எம்மேல வேணாம், ஒம்மேல பண்ணு. 'சரி, எம்மேல. போதுமா? பல்லு வெளக்குனியாடி, நாத்தம் அடிக்குது.' இதுதான் எங்கள் ஒப்பந்தம். அம்மாவுக்கு மேடை பிடிக்கும், அதுதான் எனக்கு எரிச்சல். பிடிக்கக்கூடாது என்று சொல்ல நான் யார், ஆனால் எரிகிறது. பவுடர் போட ஆரம்பித்ததிலிருந்து அவள் நிஜமாகக் கத்துவதே இல்லை. வீட்டில்கூட யமுனாம்மா சாப்பிட வா என்கிறாள், பேட்டி கொடுக்கிற குரலில்.

போன் அதிர்கிறது. ஹவுஸ் ஓனர் மாமா. மூன்றாவது தடவை. எடுத்தால் என்ன சொல்வார் என்று தெரியும். எடுக்காவிட்டாலும் தெரியும். டேங்க் நிரம்பி, ஓரமாக வழிந்து, கீழே முற்றத்தில் அவர் காயப்போட்டிருக்கிற மிளகாய் வத்தல் எல்லாம் மிதக்கும். போர்வெல் தண்ணீர், நிற்காது, மூன்று வீட்டுக்கு ஒரு வாரம் வருகிற தண்ணீர், ஐந்தரையிலிருந்து பத்தரை வரை, அய்யோ. இல்லை, நிறுத்தியிருப்பேன். வாடகை விஷயமாக இருக்கும். வாடகைக்கு யார் மூன்று தடவை கூப்பிடுவார்கள், எங்களைக் கேட்காமல் பூட்டை உடைக்கவும் மாட்டார், மோட்டார் சுவிட்ச் பூட்டிக் கிடக்கிற எங்கள் சமையலறைக்குள் இருக்கிறது. போனை அணைத்துவிட்டேன். அணைத்ததும் நிறுத்தின மாதிரி ஒரு நிம்மதி, ஒரு நொடி, திருட்டு நிம்மதி. அந்த நேரம் பார்த்துக் கடை ஓனர் தங்கமாரியப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார், புதுச் சட்டையில் விலைச் சீட்டு இன்னும் தொங்குகிறது. 'தாயி, ஒரு சின்னச் சிக்கல். எங்க தாய்மாமன்தான் ரிப்பன் வெட்டணும், ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டாக. கூட்டம் கலைஞ்சுரக்கூடாது. ஏதாச்சும் பாடி நிறுத்தி வையி.' பாட்டா? எது? 'எதையாச்சும் பாடு. ஆனா மோட்டார் பாட்ட மட்டும் இப்பப் பாடிறாத. அத மாமா வந்து ஒக்காந்தப்பறம்தான்.' அண்ணாச்சி, எங்கிட்ட இன்னொரு பாட்டு இருக்கு. 'ஏதோ ஒண்ணு, ஒரு பத்து நிமிசம் ஓட்டு.' போய்விட்டார். ஏதோ ஒன்று. ஓட்டு. எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒரே சமயம். நாலு மாதமாகக் கேட்ட இடம் கிடைத்தேவிட்டது, ரயில்வே கேட் மூடினதால் கிடைத்தது. கிடைக்கட்டும். பிச்சையாக விழுந்தாலும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த நேரத்தில் எதற்கு அந்த ஆள் நினைவுக்கு வருகிறார். சைக்கிள் சந்தானராஜ். போன மாதம் விருதுநகர் கல்யாண மண்டபத்தில் ஒரு பம்புசெட் டீலர் கூட்டம், பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கேசட்டில் அவர் பாடின சைக்கிள் பாட்டு ஒன்று எல்லா டீக்கடையிலும் ஓடியதாம். இப்போதும் அதையேதான் பாடுகிறார். பையில் ஒரு சைக்கிள் பெல், துண்டில் சுற்றி வைத்திருக்கிறார், மேடை ஏறுவதற்கு முன் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறார். கேசட் அட்டையில் மஞ்சள் சட்டையாம், அதனால் இன்றும் மஞ்சள் சட்டை. 'வயித்துக்கு மட்டும் மாத்தித் தைக்கிறேன் பாப்பா' என்று சிரித்தார். நான் வாய் சும்மா இருக்காமல் வேற பாட்டே பாடலையாண்ணே என்றேன். கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். 'பாடினேன். நாப்பத்தோரு பாட்டு இருக்கு. ஒண்ணு கேக்குறியா? சின்னதுதான், ரெண்டு நிமிசம்.' நான் என்ன செய்தேன் தெரியுமா. கை கழுவிட்டு வந்துர்றேண்ணே என்று எழுந்தேன், திரும்பி அந்தப் பக்கமே போகவில்லை. மண்டபத்துத் தூண் மறைவில் நின்று, அவர் என் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அப்புறம் மேடையில் அவர் பெல் அடித்தபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். கூட்டத்தைத் திட்டுகிறேன், கூட்டம் கூட்டம் என்று, நான் யார். எனக்கும் அந்த ஆளிடமிருந்து பெல் மட்டும்தான் வேண்டியிருந்தது. அந்த நாற்பத்தொன்றில் ஒன்று எப்படி இருந்திருக்கும். ஒருவேளை நன்றாக இருந்திருந்தால். இதை நினைக்கிற ஒவ்வொரு தடவையும் சாம்பார் வாசனை வருகிறது.

எழுந்தேன். பின்னணி இசை ட்ராக் கிடையாது, பெஞ்சுப் பாட்டுக்கு நான் ட்ராக் செய்யவில்லை, செய்து கொடுக்கவும் ஆள் இல்லை. மேடை ஓரத்தில் விளம்பரத்துக்காக ஐந்நூறு லிட்டர் கறுப்பு டேங்க் ஒன்று காலியாக நிற்கிறது. மோதிர விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். தூம் என்றது, உள்ளே யாரோ இருந்துகொண்டு பதில் சொல்வது மாதிரி. போதும். சவுண்ட் சர்வீஸ் அந்தோணி அண்ணனிடம், அண்ணே அம்மா முன்னால இருக்கிற மைக்க மட்டும் ஆஃப் பண்ணிருங்க என்றேன். 'ஓனர் திட்டுவாரும்மா. ரெண்டு மைக்கும் போட்டே வைக்கச் சொல்லிருக்காரு.' சரி, கிடக்கட்டும், அம்மா சத்தியம் பண்ணியிருக்கிறாள். அம்மாவைப் பார்த்தேன். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, தொடையில் இருந்த கையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். நல்ல பிள்ளை மாதிரி. பாவமாக இருந்தது, பாவமாக இருப்பதும் எரிச்சலாக இருந்தது. டேங்கைத் தட்டினேன். தூம், தக, தூம். 'மூணாவது பெஞ்சு ஓரத்துல.' முன்வரிசையில் ஒரு அக்கா ரஸ்னா டம்ளரோடு நிமிர்ந்தாள். 'காம்பஸ் முனையில கீறுன பேரு.' பின்னால் ஒருத்தன், 'பாப்பா, மோட்டாரு!' என்றான். 'அதுமேல நோட்ட விரிச்சு.' மோட்டாரு, மோட்டாரு. 'ஒருத்தி எழுதிக்கிட்டிருக்கா, அவ யாரு.' என் குரல் எனக்கே கேட்டது, வெகுநாளைக்கு அப்புறம், கத்தலுக்காகக் காத்திருக்காத குரல். ரஸ்னா அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். வைத்துவிட்டாளா, இல்லை தீர்ந்துபோனதா, தெரியாது, நல்லதாகவே வைத்துக்கொள்கிறேன். 'மணி அடிச்சா ஓடுறதுக்கு எனக்கு இப்ப வாசலும் இல்ல, மார்க்குப் போட்டுத் திட்டுறதுக்கு மிஸ்ஸும் இல்ல.' முதல் சரணம் முடியப்போகிறது. கூட்டம் மோட்டாரு என்று கேட்பதை நிறுத்தியிருக்கிறது. பிடித்ததாலா, அலுத்ததாலா. நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். அப்போதுதான் அம்மா இடுப்பிலிருந்த பட்டன் போனை எடுத்தாள். திரும்பிக்கொண்டு, கையால் மறைத்துக்கொண்டு, காதில் வைத்தாள். எனக்கு முதுகுத்தண்டில் எல்லாம் தெரிந்துபோனது. என் போனை அணைத்தேன், ஹவுஸ் ஓனருக்கு அம்மா நம்பர் இல்லையா என்ன. டேங்கைத் தட்டுகிற கை மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறது. தூம், தக, தூம். அம்மாவின் தோள் ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே அப்படியே என் பக்கம் திரும்பினாள், மேடை மறந்து, பவுடர் மறந்து, சத்தியம் மறந்து.

'அடியே யமுனா! மோட்டார நிறுத்தலையாடி! தண்ணி வழியுதாம்டி!' மைக் அதை வாங்கி பஜார் முழுக்க எறிந்தது. மருந்துக்கடை வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். அப்புறம் கூட்டம் வெடித்தது. விசில், கைதட்டல், ஒருத்தன் துண்டைச் சுழற்றுகிறான், நானூறு போன் ஒரே சமயத்தில் மேலே எழும்புகிறது, தங்கமாரியப்பன் அங்கிருந்து ரெண்டு கையையும் தூக்கி பிரமாதம் என்று காட்டுகிறார். அவர்களுக்கு இது நடிப்பு, புது மாதிரி, இன்னும் நல்ல மாதிரி. அம்மா போனைப் பிடித்தபடி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்த்தேன். இந்த நானூறு பேரில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், நிஜமாகவே வழிகிறது, அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் மிளகாய் வத்தல் மிதக்கிறது. நிஜக் கத்தல். இருபத்தேழு தடவை கேட்டும் ஸ்டுடியோவில் வராத கத்தல். அம்மா என் பாட்டைக் கேட்டுக் கத்தவில்லை, மோட்டாருக்குத்தான் கத்தினாள், அதேதான், அன்றைக்கு மாதிரியே. எனக்குப் புரிந்துவிட்டது. நான் இப்போது செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. சிரிக்க வேண்டும். சிரித்துக்கொண்டு நிறுத்திட்டேம்மா என்று சொல்லவேண்டும். கை தட்டுகிறது, தூம், தக, இடம் காலியாக இருக்கிறது, இப்போது சொன்னால் சரியாக விழும். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஓடும். பிரவீன் சார் கூப்பிடுவார். இன்னும் ஐந்து வருடத்துக்கு மோட்டார் கடை. இருபத்திரண்டு வருடத்துக்கு. பெல்லுக்கு எண்ணெய். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாக வந்தது, பழகின நாய் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு தானாக வருகிறது. நானூறு வாய் எனக்கு முன்னால் நி, நி என்று விரிந்து காத்திருக்கிறது. தட்டுவதை நிறுத்தினேன். டேங்குக்குள் கடைசி தூம் சுற்றிச் சுற்றி அடங்குகிற வரைக்கும் இருந்தேன். தாளம் செத்துப்போனது. அப்புறம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, சிரிக்காமல் சொன்னேன். 'நிறுத்தலம்மா.' ஒன்றுக்கும் உதவாமல், எந்த இடத்திலும் விழாமல், சப்பென்று போனது. அங்கங்கே சிரித்தார்கள், என்ன சொன்னாள் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்கள், போன்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. ஓனரின் கை பாதியில் நிற்கிறது. அம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள். போனை அணைத்தாள். முன்னாலிருந்த மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கி, நகர்த்தி, தனக்குப் பின்னால் வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். என் பாட்டை முதல் தடவையாகக் கேட்கிற முகம். திரும்பி டேங்கைத் தட்டினேன். வழியட்டும். எனக்கு இன்னும் ஒரு சரணம் இருக்கிறது.